மொட்டை மாடியும் மெட்ராஸ் வானமும்



இந்த மாதம் ஒரு மாலை எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தெருப் பிள்ளைகளோடு டெலஸ்கோப்பில் வியாழன் பார்த்த படங்களைப் போட்டிருந்தேன். நிறையப் பேர் எழுதினீர்கள். 1998 பேட்ச் மாணவன் ஒருவன், "சார், இதெல்லாம் கொடைக்கானல்ல வச்சுப் பாக்க வேண்டியது, திருவொற்றியூர்ல என்னா தெரியும்? மணலி புகைதான் தெரியும்" என்று எழுதியிருக்கிறான். மதுரையிலிருந்து என் சித்தப்பா மகள், "அண்ணா, ரிட்டையர் ஆனதும் வானத்தைப் பார்க்க ஆரம்பிச்சுட்டீங்களா" என்று கேலி செய்திருக்கிறாள். இருவருக்கும் ஒரே பதிலாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன். சற்று நீளம்தான். வரலாறு வாத்தியாரிடம் கேள்வி கேட்டால் இதுதான் கதி என்று உங்களுக்குத் தெரியாததா!

முதலில் கொடைக்கானல் விஷயம். கொடைக்கானலுக்கு வானியல் போனதே இங்கிருந்துதான். இங்கே அது தொடங்கியது அரசாங்கக் கட்டடத்தில் அல்ல, ஒரு மனிதரின் வீட்டில். 1786-ல் வில்லியம் பெட்ரி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி, எழும்பூரில் தன் சொந்தச் செலவில் ஒரு சிறு வானாய்வுக்கூடம் வைத்துக்கொண்டார். கம்பெனி உத்தரவு எதுவும் இல்லை, அவருக்கு அதில் ஆசை, அவ்வளவுதான். இன்று 'அமெச்சூர்' என்று சொல்கிறோமே, அந்த ரகம். அவரிடம் இருந்தவை மூன்று அங்குல லென்ஸ் உள்ள டெலஸ்கோப்புகள் இரண்டு, ஊசல் கடிகாரங்கள் இரண்டு, நட்சத்திரம் உச்சிக்கோட்டைக் கடக்கும் நொடியைக் குறிக்க ஒரு கருவி.

நம் மாடியில் இருப்பது நாலரை அங்குலக் கண்ணாடி. சிங்கப்பூரில் இருக்கும் பழைய மாணவன் ஒருவன் ஊருக்கு வரும்போது தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தது. ஆக, இந்தியாவின் முதல் நவீன வானாய்வுக்கூடத்தைத் தொடங்கிவைத்த டெலஸ்கோப்பைவிடப் பெரியது திருவொற்றியூரில் துணி காயும் கொடிக்கயிற்றுக்குப் பக்கத்தில் நிற்கிறது. அதனால்தான் "என்ன தெரியும்" என்ற கேள்வியை நான் லேசில் ஒப்புக்கொள்வதில்லை.

பெட்ரி ஊருக்குப் புறப்பட்டபோது கருவிகளைக் கம்பெனியிடம் கொடுத்துவிட்டுப் போனார். கம்பெனி அவற்றை வாங்கிக்கொண்டது வானத்தின் மேல் உள்ள காதலால் அல்ல, கடல் மேல் உள்ள பயத்தால். ராயபுரம், காசிமேடு பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அன்றைக்கு இங்கே துறைமுகம் என்று ஒன்று கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போடும், சரக்கும் ஆளும் மசூலா படகில் அலையைத் தாண்டிக் கரைக்கு வரவேண்டும். கடற்கரை எந்தத் தீர்க்கரேகையில் இருக்கிறது என்று வரைபடத்தில் சரியாக இல்லாவிட்டால், இரவில் வரும் கப்பல் தரை தட்டும். சோழமண்டலக் கரையை அளந்துகொண்டிருந்த மைக்கேல் டாப்பிங் என்பவர் கவர்னர் சார்லஸ் ஓக்லியை நச்சரித்து, 1792-ல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக்கூடத்தைக் கட்டினார். (இதே டாப்பிங் 1794-ல் எட்டுப் பையன்களை வைத்துத் தொடங்கிய நில அளவைப் பள்ளிதான் பின்னால் கிண்டி இன்ஜினீயரிங் காலேஜ் ஆனது. அங்கே படித்தவர்கள் இந்தக் குழுவில் ஏழெட்டுப் பேர் இருக்கிறீர்கள்.)

அந்தக் கூடத்தின் நடுவே கருவியைத் தாங்க நட்ட கருங்கல் தூண் இன்றும் நுங்கம்பாக்கத்தில், நம் வானிலை ஆய்வு மைய வளாகத்தில், நிற்கிறது. பதினைந்து அடி உயரம். தமிழிலும் தெலுங்கிலும் வேறு மொழிகளிலும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். ஆசியாவில் கணித அறிவியல் எப்போது முதன்முதலாக நடப்பட்டது என்று ஆயிரம் ஆண்டு கழித்து வருபவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்ற பொருளில் வாசகம் போகிறது. ஆரியபடர் பிறந்த நாட்டில் நின்றுகொண்டு இப்படி எழுத ஒரு துணிச்சல் வேண்டும்! ஆனால் கல் நல்ல கல்.

இப்போது வியாழனுக்கு வருகிறேன், ஏனென்றால் மெட்ராஸின் இடத்தை உலக வரைபடத்தில் குறித்துக் கொடுத்ததே வியாழன்தான்.

அன்று மாலை ஏழரைக்கு எண்ணூர் பக்கம் வானம் கொஞ்சம் தெளிந்தது. கிழக்கே மிதுனத்தில் வியாழன் பளீரென்று ஏறிக்கொண்டிருந்தது. 36 மடங்கு பெரிதாக்கும் கண்வில்லையைப் போட்டு வைத்தேன். எதிர்வீட்டு ஆறாம் வகுப்புப் பெண் முதலில் குனிந்தாள். "தாத்தா, ஒரு உருண்டை இருக்குது, பக்கத்துல கோடு போட்டாப்புல புள்ளி புள்ளியா இருக்குது" என்றாள். அந்தப் புள்ளிகள்தான் வியாழனின் நிலாக்கள். கலிலியோ 1610-ல் பார்த்த அதே நான்கு. அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்ற பையன், "நகருமா தாத்தா?" என்று கேட்டான். நகரும். உள்ளே இருப்பது, ஐயோ என்று பெயர், நாற்பத்திரண்டரை மணி நேரத்தில் ஒரு சுற்று. (பெயரைக் கேட்டதும் சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆனது.) ஒவ்வொரு சுற்றிலும் வியாழனின் நிழலுக்குள் புகுந்து மறைந்துபோகும்.

இந்த மறைவுதான் சங்கதி. மறைவு நடப்பது வியாழனிடத்தில். லண்டனில் இருப்பவனுக்கும் மெட்ராஸில் இருப்பவனுக்கும் அது ஒரே கணம். ஆனால் அந்தக் கணத்தில் இரண்டு ஊர்க் கடிகாரங்களும் வேறு வேறு நேரம் காட்டும். கிரீனிச்சில் எந்த நேரத்தில் மறைவு தெரியும் என்று ஆங்கிலேயரின் கடற்பஞ்சாங்கத்தில் முன்கூட்டியே அச்சிட்டிருக்கும். இங்கே நட்சத்திரம் உச்சி கடக்கும் நொடியைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்தி வைத்துக்கொள்வார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவு கிழக்கே நாம். ஜான் கோல்டிங்ஹாம் என்ற வானியலாளர் இரவு இரவாகக் கண்விழித்து இந்த மறைவுகளைப் பார்த்துக் கணக்கிட்டார். வந்த விடை: கிரீனிச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 நொடி முந்தி.

வகுப்பில் போட்ட கணக்கு நினைவிருக்கிறதா? பூமி ஒரு டிகிரி திரும்ப நான்கு நிமிடம். 5 மணி 21 நிமிடம் என்றால் 321 நிமிடம். நாலால் வகுத்தால் 80 டிகிரி, மீதி 1 நிமிடம் 14 நொடி. அது 18½ பாகை-நிமிடம். ஆக 80 டிகிரி 18½. மாடியில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் சுவரில் கரிக்கட்டியால் எழுதியே போட்டுவிட்டான். அவன் அம்மா சுவரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

இன்றைய கணக்குப்படி நுங்கம்பாக்கத்தின் தீர்க்கரேகை 80 டிகிரி 15-க்குச் சற்றுக் குறைவு. அதாவது கோல்டிங்ஹாமின் விடை சுமார் ஆறு கிலோமீட்டர் கிழக்கே தள்ளிவிட்டது. அந்த எண்ணை இன்றைய வரைபடத்தில் வைத்தால் வானாய்வுக்கூடம் மெரினாவைத் தாண்டிக் கடலுக்குள் நிற்கும்! ஆனாலும் யோசித்துப் பாருங்கள். அறுபது கோடி கிலோமீட்டருக்கும் அப்பால் ஒரு புள்ளி அணைவதைச் சின்ன லென்ஸில் பார்த்து, உலக உருண்டையில் தன் இருப்பிடத்தை ஆறு கிலோமீட்டர் பிசகில் சொல்லியிருக்கிறார். 1802-ல் பரங்கிமலைக்குப் பக்கத்தில் லாம்ப்டன் தொடங்கிய பெரிய நில அளவைக்கும் இந்த நுங்கம்பாக்கம் தூண்தான் ஆதாரப் புள்ளி.

அந்த 5.21.14-தான் 'மெட்ராஸ் நேரம்'. 1856-ல் நம் ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்டபோது ஊர்க் கடிகாரம் காட்டியது இந்த நேரத்தைத்தான். பிறகு நாட்டின் மற்றப் பகுதிகளிலும் ரயில்கள் மெட்ராஸ் நேரத்தைப் பார்த்து ஓடின. வானாய்வுக்கூடத்திலிருந்து தந்திக் கம்பி வழியே கோட்டைக்கு சிக்னல் போக, அங்கே பீரங்கி வெடிக்கும், கப்பல்காரர்களும் கடைக்காரர்களும் கடிகாரத்தைத் திருப்பி வைப்பார்கள். 1906-ல் இந்திய நேரம் வந்ததும் எட்டு நிமிடம் 46 நொடி முன்னே தள்ளினோம்.

(பீரங்கி என்றதும் இன்னொன்று. கோட்டையிலும் பரங்கிமலையிலும் சுடும் பீரங்கியின் வெளிச்சத்தை நுங்கம்பாக்கத்தில் பார்த்து, சத்தம் வந்து சேர எத்தனை நொடி என்று எண்ணி, காற்றில் ஒலியின் வேகத்தை அளந்தார் இதே கோல்டிங்ஹாம். 1820, 21-ல். காற்றும் வெப்பமும் ஈரமும் மாறினால் வேகம் மாறுவதையும் குறித்துவைத்தார். இயற்பியல் வாத்தியார்கள் யாராவது தனியாக எழுதுங்கள்.)

இந்த இடத்தில் கொஞ்ச நேரம் பாண்டிச்சேரிக்குப் போக வேண்டியிருக்கிறது. கோல்டிங்ஹாம் விடுப்பில் இருந்த காலத்தில் வானாய்வுக்கூடத்தைப் பார்த்துக்கொண்ட ஜான் வாரன் என்பவர், பின்னாளில் நம் பஞ்சாங்க முறைகளைப் பற்றி 'கால சங்கலிதா' என்று ஒரு பெரிய புத்தகம் எழுதினார். பாண்டிச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் அவர் கண்ணெதிரே 1825-ல் வரவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியிருக்கிறார். கையில் காகிதம் இல்லை, எழுத்தாணி இல்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களிலிருந்து எண்களை எடுத்து எடுத்துக் கூட்டிக் கழித்தார். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண். அப்படிக் கோத்த சொற்கள் ஒரு வாக்கியம். சந்திரனுக்கு மட்டும் 248 வாக்கியங்கள், 248 நாளைக்கு. இதுதான் வாக்கியப் பஞ்சாங்கம். விடை? கிரகணத்தின் தொடக்கம் நான்கு நிமிடம்தான் பிசகியது. ஆனால் நடுப்பகுதி 23 நிமிடம், முடிவு 52 நிமிடம்.

இதைப் படிக்கும்போது எனக்குப் பெருமை ஒரு பக்கம், வருத்தம் ஒரு பக்கம். ஒரு மனிதர் பல நூற்றாண்டுக் கணக்கைத் தலைக்குள் வைத்திருக்கிறார். சோழியை நகர்த்தியே நிலவின் நிழலைப் பிடிக்கிறார். ஆனால் அந்த வாக்கியங்களின் பின்னால் இருக்கும் தத்துவம் அவருக்குத் தெரியவில்லை என்று வாரன் எழுதுகிறார். 52 நிமிடம் பிசகிய பிறகு அந்த வாக்கியத்தைத் திருத்த ஒரு வழி இருந்ததா? கிரகணத்தன்று வெளியே வந்து பார்த்துக் குறித்து, அடுத்த கணக்கில் சேர்த்திருந்தால் திருந்தியிருக்கும். முன்னோர் அப்படித்தான் செய்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த எண்கள் எங்கிருந்து வந்தன? எங்கோ ஒரு தலைமுறையில் பார்ப்பது நின்று ஒப்பிப்பது மட்டும் மிஞ்சிவிட்டது. நாற்பது பேர் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர் சூத்திரத்தை ஒப்பிக்கும்போது எனக்கு வருமே, அதே வருத்தம்.

அந்தப் பார்வையைத் திரும்பக் கொண்டுவர முயன்ற ஒருவர் நம் ஊரில் இருந்தார். இந்தப் பதிவை எழுதுவதே அவருக்காகத்தான்.

பெயர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பம். 1840-களில் நுங்கம்பாக்கம் வானாய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர், படிப்படியாக முதல் உதவியாளராக உயர்ந்தார். அவர் மேலதிகாரி நார்மன் போக்சன். 1861 ஏப்ரலில் மெட்ராஸிலிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து, ஆசியாவிலிருந்து கண்டுபிடித்த முதல் சிறுகோள் என்பதால் அதற்கு 'ஏசியா' என்றே பெயர் வைத்தவர். விண்மீன்களின் வெளிச்சத்தை வகுக்கும் அளவுகோலில், ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இரண்டரை மடங்கு என்று கணக்கை நிலைப்படுத்தியவரும் அவர்தான். அவர் மகள் ஐசிஸ் போக்சனும் இங்கேயே கணக்காளராக வேலை பார்த்தார். 1886-ல் அவர் பெயரை லண்டன் ராயல் வானியல் கழகத்துக்கு முன்மொழிந்தபோது, பெண்களுக்கு இடமில்லை என்ற சட்ட வாதத்தால் அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. 1920-ல்தான் சேர்த்துக்கொண்டார்கள்.

ரகுநாதாச்சாரியின் இரவுகளைக் கற்பனை செய்து பாருங்கள். மின்விளக்கு இல்லை, மின்விசிறி இல்லை. கொசு நிச்சயம் உண்டு. தெற்கு வடக்காக மட்டுமே அசையும் ஒரு பெரிய டெலஸ்கோப். பட்டியலில் உள்ள விண்மீன் உச்சிக்கோட்டைக் கடக்கும்வரை காத்திருந்து, கடிகாரத்தின் டிக் டிக் சத்தத்தைக் காதால் எண்ணிக்கொண்டே கண்ணால் பார்த்து நொடியின் பின்னத்தைக் குறிக்க வேண்டும். அடுத்த விண்மீன். அதற்கடுத்தது. 1862-லிருந்து கால் நூற்றாண்டு இப்படி நடந்த வேலையிலிருந்து 5,303 விண்மீன்களின் பட்டியல் வந்தது. சாகும்வரை அந்த வேலையில் இருந்தவர் இவர்.

1867 ஜனவரியில், தென்வானத்தில் ஒரு விண்மீன் ஒரே வெளிச்சத்தில் நிற்கவில்லை, கூடிக் குறைகிறது என்று கண்டுபிடித்தார். 'ஆர் ரெட்டிகுலி' என்று பெயர். சுமார் 278 நாளுக்கு ஒரு முறை பிரகாசமாகி, பிறகு நல்ல டெலஸ்கோப்புக்கும் எட்டாத அளவுக்கு மங்கிப்போகும். 1868 ஆகஸ்டில் முழுச் சூரிய கிரகணம். ஜான்சென் குண்டூரில் உட்கார்ந்து சூரியனின் நிறமாலையைப் பிரித்துப் பார்த்தாரே, பின்னால் ஹீலியம் என்று பெயர் பெற்ற தனிமத்தின் கதையில் வருமே, அதே கிரகணம். போக்சன் மசூலிப்பட்டினத்துக்குப் போக, ஹைதராபாத் சமஸ்தானத்து வனபர்த்திக்குப் போன குழுவின் தலைவர் ரகுநாதாச்சாரி. 1871 கிரகணத்துக்கு நம் அவிநாசி. 1872-ல் லண்டன் ராயல் வானியல் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

இவ்வளவோடு நின்றிருந்தாலும் பெரிய மனிதர்தான். ஆனால் அவர் பகலில் செய்த வேலைதான் என்னை அதிகம் கவர்கிறது.

1874 டிசம்பர் 9-ல் வெள்ளிக்கோள் சூரியனின் முகத்தைக் கடந்து போகும் அபூர்வ நிகழ்ச்சி நடக்க இருந்தது. இந்தியாவிலிருந்து நன்றாகத் தெரியும். ரகுநாதாச்சாரி அதற்கு முன்பே ஒரு சிறு நூல் எழுதினார், ஆங்கிலத்திலும் நம் மொழிகள் பலவற்றிலும் வரும்படி. எப்படி எழுதினார் தெரியுமா? ஒரு பண்டிதரும் ஒரு சித்தாந்தியும் பேசிக்கொள்வது போல. ஒருவர் சந்தேகம் கேட்கிறார், இன்னொருவர் சொல்கிறார். வாத்தியார் வேலை பார்த்தவர்களுக்கு இந்த உத்தியின் அருமை தெரியும். நம் கிரகணக் கணக்கோடு இதை ஒட்டி, சுக்கிரன் பிடிக்கும் சூரிய கிரகணம் என்றே விளக்கினார். அதே ஆண்டு பச்சையப்பன் மண்டபத்தில் மேடை ஏறி, நம் ஆட்கள் நவீன முறையில் வானத்தைப் பார்த்துப் பழக நமக்கென்று ஒரு வானாய்வுக்கூடம் வேண்டும் என்று பேசினார்.

பஞ்சாங்கத்தையும் விடவில்லை. கிரகம் வானத்தில் எங்கே தெரிகிறதோ அங்கேதான் ஏட்டிலும் இருக்க வேண்டும் என்றார். அப்படிக் கணித்த பஞ்சாங்கத்தைத் தாமே வெளியிட்டார். எதிர்ப்புக்குக் குறைவில்லை. வெள்ளைக்காரனின் கணக்கைக் கொண்டுவந்து திதியைக் கெடுக்கிறான் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது! திதி தவறினால் சிராத்தம் தவறும், ஏகாதசி தவறும். விளையாட்டு விஷயமல்ல. அவரோ சாஸ்திரத்தை விட்டுவிடச் சொல்லவில்லை, சாஸ்திரம் சொன்னதைக் கண்ணால் சரிபார்க்கச் சொன்னார்.

'திருக்கணிதம்' என்கிறோமே, அதில் உள்ள 'திருக்' மரியாதைக்குப் போட்ட 'திரு' அல்ல. வடமொழியில் 'த்ருக்' என்றால் பார்வை. பார்த்துக் கணித்தது என்று பொருள். ஐம்பது ஆண்டு நாள்காட்டி கிழித்தவர்களுக்குக்கூட இது தெரிவதில்லை.

அந்தச் சண்டை முடிந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அன்று மாடியில் என் அண்ணியும் இருந்தார். மேற்கே சாய்ந்துகொண்டிருந்த சனியை 90 மடங்கில் காட்டினேன். அப்போது வளையம் நமக்கு விளிம்பைக் காட்டிக்கொண்டிருந்ததால், முத்தில் ஊசி குத்தினாற்போல் மெல்லிய கோடுதான். பிள்ளைகளுக்கு ஏமாற்றம். அண்ணிக்கு வளையம் பற்றிக் கவலை இல்லை. "அது இருக்கட்டும் தம்பி. சனி மீனத்துக்கு வந்தாச்சா, வரலியா? உன் குழாயில பாத்துச் சொல்லு" என்றார்.

சரியான கேள்வி! திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி 2025 மார்ச் 29-லேயே ஆகிவிட்டது. வாக்கியப்படி இந்த 2026 மார்ச் 6-ல்தான். திருநள்ளாறு கோயில் வாக்கியத்தைத்தான் பின்பற்றுகிறது. நடுவில் பதினோரு மாதம். இந்தப் பதினோரு மாதமும் சனி எங்கே இருந்தது என்றால், இரவு எட்டு மணிக்கு மேற்கே பார்த்தால் தெரிகிற இடத்தில் இருந்தது. நான் அண்ணியிடம் கோயில் தப்பு என்று சொல்லவில்லை. வழிபாட்டுக்கு நாள் குறிப்பது மரபு, அதைக் கோயில் பார்த்துக்கொள்ளும். "கோயிலுக்கு மார்ச்சுல போங்க அண்ணி. கிரகம் எங்க இருக்குன்னா, அதோ அங்க இருக்கு" என்று கையைக் காட்டினேன். அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். "இவ்வளவு சின்னதா இருந்துக்கிட்டா இந்தப் பாடு படுத்துது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நட்சத்திரப் பெயர்கள் தெரியாது என்று சொல்ல முடியாது. திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலில் இருபத்தேழு நட்சத்திர லிங்கங்கள் இருக்கின்றன. அவரவர் நட்சத்திர லிங்கத்துக்கு விளக்கு வைத்து வளர்ந்த பிள்ளைகள். ஆனால் வானத்தில் திருவாதிரை எது என்றால் விழிக்கிறார்கள். அன்று காட்டினேன். கிழக்கே செக்கச்செவேலென்று ஒன்று, அதுதான் ஆருத்ரா. "இதுக்கா தாத்தா களி கிண்டுறோம்?" என்றது ஒரு வாண்டு. கார்த்திகைக் கூட்டத்தை எண்ணச் சொன்னேன். முருகனை வளர்த்தவர்கள் ஆறு பேர், சங்க காலத்தில் அறுமீன் என்றே பெயர். எங்கள் மாடியிலிருந்து வெறுங்கண்ணால் இரண்டுக்கு மேல் யாருக்கும் தேறவில்லை. டெலஸ்கோப்பைத் திருப்பியதும் முப்பது நாற்பது என்று கொட்டியது.

இங்கேதான் சிங்கப்பூர்க் கண்ணாடியும் கைகொடுக்காத விஷயம் வருகிறது. மேற்கே மணலி சுத்திகரிப்பு ஆலையின் ஜுவாலை. வடக்கே அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தின் விளக்குகள். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளின் வரிசை, அதன் மேல் கண்ணைப் பறிக்கும் வெள்ளை எல்இடி கம்பங்கள். தெற்கே துறைமுகம். புகையும் தூசும் அந்த வெளிச்சத்தைத் திரும்ப நம் தலையிலேயே கொட்டுகின்றன. ஆலைகள் எங்களுக்குச் சோறு போட்டன, இதைப் படிக்கும் பாதிப் பேரின் அப்பாக்கள் அங்கே ஷிஃப்ட் பார்த்தவர்கள். அதை மறந்து பேச மாட்டேன். ஆனால் தெருவிளக்குக்கு மேல்பக்கம் ஒரு மூடி போட்டு வெளிச்சத்தைத் தரைக்கு மட்டும் அனுப்ப எந்த ஆலையையும் மூட வேண்டியதில்லை. எங்கள் மாடிக்கு எதிரே உள்ள கம்பத்துக்கு ஒரு தகர மூடி கேட்டு இரண்டு மனு கொடுத்துவிட்டேன். மூன்றாவது தயாராகிறது, தமிழ்ப் பிழை இல்லாமல்.

வெளிச்சத்தைவிட அன்று பெரிய தடையாக இருந்தது பயம். 1980 பிப்ரவரி 16 கிரகணம் பலருக்கு நினைவிருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. சனிக்கிழமை பிற்பகல், தெருவில் ஈ காக்கை இல்லை. ஜன்னல்களில் போர்வை. ஓர் அட்டையில் ஊசித் துளை போட்டு, பிறைச் சூரியனைச் சுண்ணாம்புச் சுவரில் விழவைத்துத் தனியாளாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரகுநாதாச்சாரி இறந்து அன்றைக்கு நூறு ஆண்டும் பதினொரு நாளும். 1880 பிப்ரவரி 5-ல் அவர் போனார். அவர் கேட்ட, நமக்கென்று ஒரு வானாய்வுக்கூடம் அவர் காலத்தில் வரவே இல்லை. 2004-ல் அதே வெள்ளி மறுபடி சூரியனைக் கடந்தபோது நிலைமை மாறியிருந்தது. பிள்ளைகள் வரிசையில் நின்று சூரிய வடிகட்டிக் கண்ணாடியில் பார்த்தார்கள். உங்களில் சிலர் அந்த வரிசையில் நின்றவர்கள்தான்.

போக்சன் 1891-ல் இறந்தார். அதற்குள் 1877 பஞ்சம் வந்து, சூரியனுக்கும் மழைக்கும் தொடர்பு உண்டா என்று அரசாங்கம் யோசிக்கத் தொடங்கியிருந்தது. சூரியனைப் பார்க்க மலை வேண்டும் என்று 1899-ல் வானியல் கொடைக்கானலுக்குப் போய்விட்டது. பெட்ரி வீட்டுக் கருவிகளோடு இருந்த ஷெல்டன் கடிகாரமும் மலையேறியது. நுங்கம்பாக்கத்தில் வானிலை தங்கியது. புயல் வரும்போது டிவியில் அந்த வளாகத்தைப் பார்க்கிறீர்கள், தூண் கேமராவில் விழுவதில்லை. முப்பத்து மூன்று ஆண்டு பாடம் நடத்தினேன். என் கைக்கு வந்த எந்தப் பாடப்புத்தகத்திலும் ரகுநாதாச்சாரியின் பெயர் இல்லை. லாம்ப்டன் இருந்தார்.

பொங்கலன்று நிலா இல்லாத இரவு, தை அமாவாசைக்கு மூன்று நாள் முந்தி. மாடிக்கு வருபவர்கள் எட்டரைக்கெல்லாம் வந்துவிடுங்கள், குழந்தைகளுக்கு ஸ்வெட்டர் வேண்டாம், கொசுவர்த்தி நான் வைக்கிறேன். ஒன்பது மணிக்கு நேர் தெற்கே திரும்பி நில்லுங்கள், ராயபுரம் துறைமுகத்தின் பக்கம். இடது கைப்பக்கம் பளிச்சென்று தெரிவது அகத்திய நட்சத்திரம். அதிலிருந்து வலப்பக்கம், சற்றுக் கீழே, கையை நீட்டிப் பிடித்த முஷ்டி அளவில் கிட்டத்தட்ட இரண்டு முஷ்டி தள்ளி வாருங்கள். அடிவானத்திலிருந்து ஒன்றரை முஷ்டி உயரம். கிரேன்களின் விளக்குகளுக்குச் சற்று மேலே, வெறுங்கண்ணுக்கு ஒன்றுமே இல்லாத அந்த இடத்தில்தான் ரகுநாதாச்சாரியின் விண்மீன் ஒன்பது மணிக்கு உச்சிக்கோட்டைக் கடக்கிறது.